வாசகர் கேள்வி – பதில்: கலத்தை அழைக்கும் விளக்கு

சென்னைக் கலங்கரை விளக்கத்தைப் பற்றி வாசகர் ஒருவர் கேட்ட கேள்விக்குச் சென்ற மாதம் இடமின்மையால் இரண்டே வரிகளில் பதில் எழுதியிருந்தோம். அது போதாது என்று பலர் கடிதம் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் நீளும் ஒரு வரலாற்றை இரண்டு வரிகளில் அடக்க முயன்றது எங்கள் பிழை. எனவே, இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அந்த ஒரே பொருளுக்கு ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: சென்னையின் பழைய கலங்கரை விளக்கம் உயர் நீதிமன்றத்தின் உச்சியில் இருந்தது என்று என் தாத்தா சொல்வார். நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் கல் தூண்தான் அது என்கிறார் என் நண்பர். இருவரில் யார் சொல்வது சரி? (திருவல்லிக்கேணி வாசகர்)

இருவர் சொல்வதும் சரி. ஆனால், அவ்விரண்டுமே முதல் விளக்கம் அல்ல. மெரினாவில் இப்போது நாம் பார்ப்பது சென்னையின் நான்காவது கலங்கரை விளக்கம்.

இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள, அன்றைய சென்னைக் கடற்கரையை முதலில் மனக்கண்ணில் கொண்டுவர வேண்டும். இங்கே இயற்கைத் துறைமுகம் கிடையாது. வளைகுடாவோ, கப்பல் ஒதுங்கத்தக்க ஆழமான ஆற்றுமுகமோ இல்லாத, அம்பு விட்டதுபோல் நேராக ஓடும் தாழ்வான மணற்கரை இது. ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் திறந்த கடலிலேயே நங்கூரம் பாய்ச்சி நின்றன. ஆட்களையும் சரக்குகளையும் மசூலாப் படகுகள்தாம் கரைசேர்த்தன. ஆணி அடித்த படகாக இருந்தால், கரையில் உடையும் அலை அதைப் பிளந்துவிடும் என்பதால், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துச் சேர்த்த, அலைக்கேற்ப வளைந்துகொடுக்கும் படகுகள் அவை. அவற்றைச் செலுத்திய நம் கடலோர மக்களின் திறமை இல்லாமல் இந்த நகரத்தின் வணிகம் ஒரு நாள்கூட நடந்திருக்காது. இத்தகைய கரையில், இரவில் வரும் கப்பலுக்கு ஊர் எங்கே இருக்கிறது என்று சொல்ல மலையுமில்லை, முனையுமில்லை. கரை தெரியும் வரை நெருங்கி வந்தால் தரைதட்டும். விலகியே நின்றால், நீரோட்டம் ஊரைத் தாண்டி இழுத்துச் சென்றுவிடும்.

முதல் விளக்கு 1796-ஆம் ஆண்டில், புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருந்த வணிகர் பரிவர்த்தனைக் கட்டடத்தின் மாடியில் ஏற்றப்பட்டது. இன்று கோட்டை அருங்காட்சியகமாக இருக்கும் கட்டடம்தான் அது. கீழே வணிகர்கள் கூடி விலை பேசினார்கள். மேலே தேங்காய் எண்ணெயில் எரியும் திரிவிளக்குகள் அந்த வணிகர்களின் சரக்கு ஏறிவரும் கப்பல்களுக்கு ஊரைக் காட்டின. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அந்த எண்ணெய் விளக்கே சென்னையின் கடல் அடையாளமாக இருந்தது.

வணிகம் பெருகப் பெருக, வேறொரு கட்டடத்தின் கூரையில் ஒண்டியிருந்த விளக்கு போதவில்லை. எனவே, விளக்குக்கென்றே ஒரு தூண் எழுப்பும் பணி 1838-இல் தொடங்கியது. கோட்டைக்கு வடக்கே இருந்த வெளியில், கருங்கல்லால், கிரேக்கக் கட்டடக் கலையின் டோரிக் பாணியில் அதை அமைத்தவர், சென்னைப் பொறியாளர் படைப்பிரிவைச் சேர்ந்த கேப்டன் ஜே. டி. ஸ்மித். கட்டுமானச் சாந்து பற்றி பிரெஞ்சு அறிஞர் விகா எழுதிய நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1837-இல் வெளியிட்டவரும் இவரே. உப்புக்காற்று ஓயாது வீசும் இடத்தில் கல்லோடு கல்லை எது பிணைத்து நிறுத்தும் என்பதை நூலறிவாகவும் தொழிலறிவாகவும் அறிந்த ஒருவரிடம் அந்த வேலை போய்ச் சேர்ந்தது நம் நல்வாய்ப்பு. 1844 ஜனவரி 1-ஆம் நாள் அங்கே விளக்கு ஏற்றப்பட்டது. உங்கள் நண்பர் சொல்லும் கல் தூண் இதுதான். அது நிற்கும் நிலத்துக்கும் ஒரு பழைய கதை உண்டு. ஆங்கிலேயர் 'கறுப்பர் நகரம்' என்று அழைத்த பழைய ஊர், பதினெட்டாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரருடனான போர்களை ஒட்டி இடித்துத் தள்ளப்பட்டு வெற்றுவெளியாக்கப்பட்ட இடம் அது. சென்னக்கேசவப் பெருமாள் கோயில் முதலில் இருந்ததும் அங்கேதான்.

அதே வெளியில் 1888-இல் தொடங்கி 1892 ஜூலையில் உயர் நீதிமன்றக் கட்டடம் திறக்கப்பட்டது. பிராசிங்டன் தொடங்கிய வரைபடங்களை ஹென்றி இர்வின் முழுமையாக்க, நம்பெருமாள் செட்டியார் கட்டிக்கொடுத்த, இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியப் பாணிகள் கலந்த இந்தோ-சாரசெனிக் மாளிகை அது. அதன் உயர்ந்த கோபுரம் பக்கத்தில் நின்ற கல் தூணை விஞ்சிவிட்டது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 175 அடி உயரத்தில் ஓர் இடம் ஆயத்தமாக இருக்கும்போது விளக்கைத் தாழ்வான தூணில் வைத்திருப்பதில் பொருளில்லை என்று கருதி, 1894 ஜூன் 1 முதல் அதைக் கோபுர உச்சியில் இயக்கினார்கள். மண்ணெண்ணெயில் தொடங்கிப் பின்னர் மின்சாரத்துக்கு மாறிய அந்த விளக்கு எண்பது ஆண்டுகளுக்கு மேல் எரிந்தது. உங்கள் தாத்தா பார்த்தது அதைத்தான்.

நான்காவதாக, மெரினாவின் தென்கோடியில் இப்போதைய கோபுரம் 1977 ஜனவரி 10-ஆம் நாள் செயல்படத் தொடங்கியது.

இந்த நான்கில் முதலாவது வணிகக் கட்டடத்தின் மேலும், மூன்றாவது நீதிமன்றத்தின் மேலும் குடியிருந்தவை. விளக்குக்காகவே கட்டப்பட்டவை இரண்டாவதும் நான்காவதும் மட்டுமே. அவற்றுள் ஸ்மித்தின் கல் தூணையே நான் மிக உயர்வாக மதிக்கிறேன். வழக்குக்காக வருபவர்கள் நாள்தோறும் அதைக் கடந்து போகிறார்கள். அது ஏதோ நினைவுத்தூண் என்றே பலரும் எண்ணுகிறார்கள். ஐம்பது ஆண்டுகள் இரவு தவறாமல் கடலைப் பார்த்து விழித்திருந்த ஒன்று அது என்பதைப் பள்ளிப் பிள்ளைகளுக்காவது நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கேள்வி: 'கலங்கரை விளக்கம்' என்பது லைட் ஹவுஸ் என்ற சொல்லுக்கு அண்மைக் காலத்தில் உருவாக்கப்பட்ட மொழிபெயர்ப்பா? 'கலம் கரைக்கு வர உதவும் விளக்கு' என்று பொருள் கொள்ளலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

இரண்டுக்கும் விடை, இல்லை என்பதே. இந்தச் சொல் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. கடலாடு காதையில், இரவு நேரத்தில் புகார்க் கடற்கரையில் எரியும் விளக்குகளை இளங்கோவடிகள் ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்கிறார். மோதகம் விற்பவர் விளக்கு, அப்பம் சுடுவோர் விளக்கு, மீன் விற்போர் விளக்கு என்று வரும் அந்த வரிசையில் 'இலங்குநீர் வரைப்பின் கலங்கரை விளக்கமும்' என்ற அடி வருகிறது. அதையடுத்து, மீன்பிடிக்கச் சென்ற பரதவரின் திமில் விளக்கும், வேற்றுமொழி பேசும் நாட்டவர் ஏற்றிய அணையா விளக்கும் இடம்பெறுகின்றன.

பொருளைப் பொறுத்தவரை, இங்குள்ள 'கரை' கடற்கரையைக் குறிக்கும் பெயர்ச்சொல் அன்று. கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே சொல்தான். கலத்தைக் கரையும், அதாவது கப்பலைக் கூவி அழைக்கும் விளக்கு என்பதே பொருள். இதற்குச் சான்று பத்துப்பாட்டில் உள்ளது. தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, வானத்துக்கு ஊன்றிய முட்டுக்கால் போன்ற, ஏணி சாத்தியும் ஏறுதற்கரிய, கூரை வேயாத உயர்ந்த மாடத்தில் இரவில் மூட்டிய தீயைக் காட்டி, அது 'உரவுநீர் அழுவத்து ஓடுகலம் கரையும்' என்கிறது. கடலில் ஓடும் கலங்களைத் தீ அழைக்கிறது. ஏணி, கூரையில்லாத மாடம், இரவு, தீ என்று தேவையான எல்லாம் அந்தச் சில அடிகளுக்குள் அமைந்துவிட்டன. ஒளியைக் குரலாகக் கேட்ட அந்தப் புலவரின் சொல்லாட்சியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. நம் முன்னோர் கட்டிய அந்த மாடங்கள் எஞ்சவில்லை. சொல் மட்டும் எஞ்சி, இன்று தொடர்வண்டி நிலையத்தின் பெயர்ப்பலகையில் நிற்கிறது.

கேள்வி: எம்டன் கப்பல் சென்னையைத் தாக்கியபோது கலங்கரை விளக்கத்தைத்தான் குறிவைத்தது என்று கேள்விப்பட்டேன். உண்மையா? (காரைக்கால் வாசகர்)

இல்லை. 1914 செப்டம்பர் 22 இரவு, கார்ல் ஃபான் முல்லர் தலைமையில் வந்த ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டனின் இலக்கு, துறைமுகத்தை ஒட்டி நின்ற பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள். நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்து, தொட்டிகள் பற்றியெரிந்ததும், கரையிலிருந்த பீரங்கிகள் சரியாகப் பதில் சொல்லும் முன்பே கப்பல் இருளில் மறைந்துவிட்டது. குறி தவறியும் தாண்டியும் பறந்த குண்டுகளில் ஒன்று உயர் நீதிமன்றத்தின் சுற்றுச்சுவரைத் தாக்கியது. அந்த இடத்தில் பதித்த நினைவுக் கல்வெட்டை இன்றும் காணலாம். விளக்கு அப்போது அந்த நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் இருந்ததால்தான், குண்டு விளக்கத்துக்கே குறிவைக்கப்பட்டது என்ற பேச்சு பிறந்திருக்க வேண்டும்.

ஆனால், விளக்கை அழிப்பதில் எம்டனுக்கு ஆதாயம் ஏதும் இல்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். போர் தொடங்கி ஏழு வாரங்கள் கடந்திருந்தும் சென்னை விளக்கணைப்பை மேற்கொள்ளாமல் வழக்கம்போல் ஒளியோடு இருந்தது. முன்பின் அறியாத கரையை இரவில் நெருங்கும் கப்பலுக்கு, அது எந்த நாட்டுக் கப்பலானாலும், அந்த ஒளியைவிடச் சிறந்த துணை இருக்க முடியாது. எம்டன் அதே ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் கோகோஸ் தீவுகளுக்கு அருகே ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியால் வீழ்த்தப்பட்டது. இருந்தாலும், துணிச்சலும் சூழ்ச்சியும் மிக்க ஆளை 'அவன் பெரிய எம்டன்' என்று சொல்லும் வழக்கு அந்த ஓர் இரவிலிருந்து நம் பேச்சில் நிலைத்துவிட்டது.

கேள்வி: துறைமுகம் வடக்கே இருக்கும்போது, விளக்கத்தை மட்டும் ஏன் மெரினாவின் தெற்கு முனையில் கட்டினார்கள்? (இராயபுரம் வாசகர்)

கூர்மையான கேள்வி. துறைமுகத்தின் வாயிலைக் காட்டுவதற்கு அலைதடுப்புச் சுவர்களின் முனைகளில் தனியாகச் சிறு விளக்குகள் இருக்கின்றன. கலங்கரை விளக்கத்தின் வேலை அதுவன்று. நெடுந்தொலைவிலிருந்து வரும் கப்பல், 'இதோ கரை, இது சென்னை' என்று முதன்முதலில் அறிந்துகொள்வதற்கான ஒளி அது. ஆகவே, அது துறைமுகத்தின் வாயிலிலேயே நிற்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கடலிலிருந்து தடையின்றித் தெரியவேண்டும், அது நிற்கும் இடம் கடல்வரைபடத்தில் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

உயரத்துக்காக இடம் மாற்றினார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. பூமி உருண்டையாக இருப்பதால், ஒரு விளக்கு எவ்வளவு தொலைவுக்குத் தெரியும் என்பதை அதன் உயரமே முதலில் தீர்மானிக்கிறது. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.86-ஆல் பெருக்கினால், கடல்மட்டத்தில் இருக்கும் கண்ணுக்கு அது தெரியும் தொலைவு ஏறத்தாழக் கிலோமீட்டரில் கிடைக்கும். உயர் நீதிமன்ற விளக்கின் 175 அடி என்பது 53 மீட்டர். அதற்கு 28 கிலோமீட்டர் வருகிறது. இப்போதைய விளக்கு கடல் மட்டத்திலிருந்து 57 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதற்கு 29 கிலோமீட்டர் வருகிறது. ஒரே ஒரு கிலோமீட்டர் மிகுதிக்காக யாரும் புதுக் கோபுரம் கட்டமாட்டார்கள்.

உண்மையான இடர்ப்பாடு சுற்றுப்புறத்தில் இருந்தது என்பது என் கருத்து. 1894-இல் நீதிமன்றக் கோபுரத்துக்கு அண்டையில் அதற்குப் போட்டியாக இரவில் ஒளிவிட ஏதுமில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ, கிழக்கே துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் விளக்குகளும், வடக்கே பாரிமுனையின் கடைவீதிகளும் அதைச் சூழ்ந்துகொண்டன. ஆயிரம் விளக்குகளுக்கு நடுவே ஒரு விளக்கை மாலுமி தேடிப்பிடிக்க வேண்டியிருந்தால் அந்த விளக்கால் பயனில்லை. மெரினாவின் தென்கோடியிலோ, விளக்குக்கும் கடலுக்கும் இடையே மணலைத் தவிர வேறொன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த விளக்கின் ஒளி 28 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 52 கிலோமீட்டர் வரை எட்டும் வலிமை உடையது. நான் மேலே சொன்ன 29 கிலோமீட்டருக்கும் இதற்கும் முரண்பாடில்லை. பார்ப்பவரும் உயரத்தில் நின்றால் தொலைவு கூடும். 25 மீட்டர் உயரத்தில் உள்ள கப்பலின் மேல்தளத்தில் நிற்கும் மாலுமிக்கு 48 கிலோமீட்டருக்கு அப்பாலேயே அது தெரியத் தொடங்கிவிடும். நொச்சிக்குப்பத்திலிருந்து படகில் போகும் மீனவருக்கு, கண் கடல்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரத்தில்தான் இருக்கும் என்பதால், 34 கிலோமீட்டர் வரை வந்த பிறகே தெரியும்.

கேள்வி: கடற்கரை நெடுகிலும் பல கலங்கரை விளக்கங்கள் இருக்கும்போது, இது எந்த ஊர் விளக்கு என்று மாலுமி எப்படி அறிகிறார்? (தூத்துக்குடி மாணவி)

ஒவ்வொரு விளக்குக்கும் தனித்த தாளம் உண்டு. சென்னை விளக்கு பத்து விநாடிகளுக்கு ஒருமுறை, அடுத்தடுத்து இரண்டு மின்னல்களாக ஒளிர்கிறது. அருகிலுள்ள விளக்குகளுக்கு வேறு எண்ணிக்கையும் வேறு இடைவெளியும் இருக்கும். இவை கடல்வரைபடத்தில் அச்சிடப்பட்டிருப்பதால், மாலுமி கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு எண்ணினால் போதும். விளக்கு உண்மையில் அணைந்து அணைந்து எரிவதில்லை. பிரெஞ்சு அறிவியலாளர் ஃபிரனெல் 1820-களில் வடிவமைத்த வகையிலான, அடுக்கடுக்கான கண்ணாடி வில்லைகள் விளக்கைச் சுற்றிச் சுழல்கின்றன. வில்லை நம்மை நோக்கித் திரும்பும் கணத்தில் ஒளிக்கற்றை நம் கண்ணில் பட்டு மின்னலாகத் தோன்றுகிறது. பகலில் கோபுரத்தின் வண்ணமே அடையாளம். மெரினாக் கோபுரத்தின் சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் அழகுக்காக மட்டும் பூசப்பட்டவை அல்ல.

கேள்வி: மாமல்லபுரத்துப் பழைய கலங்கரை விளக்கம் பல்லவர் கட்டியதுதானே? அப்படியானால், அதுதானே இந்தியாவின் மிகப் பழைய கலங்கரை விளக்கம்? (செங்கல்பட்டு வாசகர்)

நம் பெருமையைப் பற்றிய செய்தி என்பதால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். மகிடாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறையின் உச்சியில் நிற்கும் அந்தக் கற்கட்டடம் ஓலக்கண்ணேசுவரர் கோயில். கயிலையைத் தூக்க முயலும் இராவணன், தட்சிணாமூர்த்தி ஆகிய சிற்பங்கள் அதன் சுவர்களில் உள்ளன. அது சிவன் கோயிலாகவே கட்டப்பட்டது என்பதில் ஐயமில்லை. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், 1887-இல், அந்தக் கோயிலின் கூரைமீது தற்காலிகமாக ஒரு விளக்கை அமைத்தார்கள். பழைய கலங்கரை விளக்கம் என்ற பெயர் அதனால் வந்தது. பிறகு அருகிலேயே வட்டவடிவக் கற்கோபுரம் எழுப்பி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விளக்கை அதற்கு மாற்றினார்கள்.

பல்லவர் காலத்தில் அந்தப் பாறைமேல் தீ மூட்டிக் கப்பல்களுக்கு வழிகாட்டியிருக்கலாம் என்ற கருத்து பரவலாக உண்டு. துறைமுக நகரில், கடலிலிருந்து நன்றாகத் தெரியும் உயரத்தில் அந்த இடம் இருப்பதால், அது நடக்க முடியாததன்று. பெரும்பாணாற்றுப்படை பாடும் நீர்ப்பெயற்று என்ற துறை மாமல்லபுரப் பகுதியே என்று கொள்ளும் அறிஞர்களும் உண்டு. ஆனால், கோயிலைக் கோயில் என்றே சொல்வதுதான் அதைக் கட்டியவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை. கலங்கரை விளக்கத்தில் தமிழர்க்குள்ள பழைமையை நிறுவ நமக்கு இலக்கியச் சான்றே வலுவாக இருக்கிறது. அதற்காக ஒரு சிவாலயத்தின் பெயரை மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: படகுகளிலேயே ஜிபிஎஸ் வந்துவிட்டது. இனியும் இந்த விளக்குகள் தேவையா? (நாகப்பட்டினம் வாசகர்)

தேவை. ஜிபிஎஸ் கருவிக்கு மின்கலம் வேண்டும், விண்ணிலிருந்து வரும் மிக மெல்லிய சமிக்ஞை தடைபடாமல் கிடைக்க வேண்டும். கருவி நனைந்து பழுதாகும் இரவில், கரையிலிருந்து வரும் ஒளிக்கு நம் கண்ணைத் தவிர வேறு கருவி வேண்டியதில்லை. கருவி சரியாக இருக்கும்போதும், அது காட்டும் இடம் சரிதானா என்று ஒத்துப்பார்க்க விளக்கு உதவுகிறது. அந்தக் கோபுரங்களும் மாறாமல் இல்லை. கப்பல்கள் தாமே அனுப்பும் அடையாளச் செய்திகளைப் பெறும் கருவிகள் இப்போது கலங்கரை விளக்கங்களில் பொருத்தப்படுகின்றன. 1927-ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் கடல்வழிச் செலுத்துதலுக்கான உதவிகள் என்ற விரிந்த பெயரில் புதுச் சட்டம் இயற்றப்பட்டதும் இந்த மாற்றத்தை ஒட்டித்தான். பழைய சட்டம் இயற்றப்பட்ட செப்டம்பர் 21-ஆம் நாளே, இந்தியாவில் இன்றும் தேசியக் கலங்கரை விளக்க நாளாகக் கொண்டாடப்படுகிறது.

கேள்வி: சென்னையின் நான்கு விளக்கங்களையும் குழந்தைகளுக்கு ஒரே நாளில் காட்ட முடியுமா? (வேலூர் வாசகி)

முடியும், அம்மா. காலையில் கோட்டை அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள், வெள்ளிக்கிழமை மட்டும் அதற்கு விடுமுறை. அங்கிருந்து வடக்கே நடக்கும் தொலைவில் உயர் நீதிமன்றம் இருக்கிறது. வளாகத்துக்குள் செல்லக் கட்டுப்பாடுகள் உண்டு என்றாலும், கல் தூணையும் கோபுரத்தையும் வெளியிலிருந்தே சேர்த்துக் காட்டலாம். மாலையில் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்திலிருந்து வேளச்சேரி செல்லும் பறக்கும் ரயிலில் ஏறி, கலங்கரை விளக்கம் நிலையத்தில் இறங்குங்கள். பாதுகாப்புக் காரணங்களால் நெடுங்காலம் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்த மெரினாக் கோபுரம், 2013-இல் குழந்தைகள் நாளன்று மீண்டும் திறக்கப்பட்டது. திங்கட்கிழமை தவிர மற்ற நாள்களில் பார்க்கலாம். உள்ளே மின்தூக்கி இருப்பதால் முதியவர்களும் மேலே போகலாம். பார்வை மாடத்தில் நின்று வடக்கே பார்த்தால், நீங்கள் காலையில் புறப்பட்ட இடம் கரையோரமாகத் தெரியும். இறங்கியதும் திரும்பிவிடாமல், இருட்டும் வரை மணலில் காத்திருங்கள். ஒளிக்கற்றை தலைக்கு மேலே கடந்து கடலுக்குள் போவதைப் பார்த்து, குழந்தைகளையே பத்து விநாடி எண்ணச் சொல்லுங்கள்.